பூட்டு போனில் இல்லை! - செல்போனில் சொந்த மென்பொருள் போட்ட கதை

நோக்கியா போனில் தேதியை இரண்டு வருடம் பின்னால் தள்ளி வைத்தவர்கள் இன்னும் நிறைய பேர் இருப்பார்கள். அலாரத்துக்காக இல்லை, ஒரு மென்பொருளை உள்ளே ஏற்றுவதற்காக! அது 2006-க்கு பிறகு வந்த வித்தை. அதற்கு முன்னால் அது தேவைப்படவே இல்லை.

2003-ல் வந்த நோக்கியா 6600-ஐ எடுத்துக் கொள்வோம். குண்டாக, சோப்பு டப்பா மாதிரி இருக்கும். உள்ளே சிம்பியன் இயங்குதளம். எங்கோ யாரோ எழுதிய ஒரு மென்பொருள் கோப்பை ப்ளூடூத்தில் வாங்கி, திறந்து, "ஆம்" என்று அழுத்தினால் ஏறிவிடும். யார் எழுதினார், எந்த கம்பெனி என்று போன் கேட்காது. இதே வழியில் 2004-ல் காபிர் என்ற புழுவும் வந்தது. ப்ளூடூத் திறந்திருக்கும் போன்களைத் தேடித் தேடி பரவியது. அதுவும் "ஆம்" அழுத்தினால்தான் ஏறும். ஆனால் ஜனம் அழுத்தியது!

ஆக, பூட்டு போட ஒரு காரணம் இருந்தது. 2006-ல் வந்த புதிய சிம்பியன் போன்களில் (என்73 நினைவிருக்கிறதா?) கையெழுத்திட்ட மென்பொருள் மட்டுமே ஏறும் என்றார்கள். கையெழுத்து என்றால் டிஜிட்டல் சான்றிதழ். போனின் முக்கியமான பகுதிகளைத் தொடும் மென்பொருள் என்றால் எழுதியவர் காசு கட்டி, சோதனைக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். பொழுதுபோக்காக எழுதி சும்மா கொடுப்பவருக்கு? அவர் பழைய சான்றிதழோடு விட்டுவிட்டார். சான்றிதழ் காலாவதி ஆனது. போன் "சான்றிதழ் காலாவதி" என்று முகத்தில் அடித்தது.

இங்கேதான் அந்த தேதி வித்தை. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று போன் யாரிடம் கேட்கிறது? தன் சொந்த கடிகாரத்திடம். கடிகாரத்தை திருப்பி வைக்கும் அதிகாரம் போனை வாங்கியவரிடம். பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தது. இதை மனதில் வைத்துக் கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும்.

சரி, அவரவர் போனில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக் கொள்ள வேண்டியதுதானே, வெளியிலிருந்து எதற்கு ஏற்ற வேண்டும்? சென்னையில் ஆங்கிலம் படித்தவர் அப்படிக் கேட்கலாம். மதுரை - தூத்துக்குடி சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டினால் வரும் பந்தல்குடியில் அப்படிக் கேட்க முடியாது. கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை, சுற்றிலும் தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கடையில் வாங்கிய போன் பலவற்றுக்கு தமிழ் தெரியாது! தமிழ் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலுக்கு சிங்கப்பூரில் வெளியானது. செல்போனில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்த மென்பொருள் அது. போன் கம்பெனி கொடுத்தது இல்லை. வெளியாள் எழுதி, விரும்பியவர் ஏற்றிக் கொண்டது. தமிழ்ப் பக்கங்களைப் படிப்பது இன்னொரு கூத்து. போனில் தமிழ் எழுத்துரு இல்லாததால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் ஓபரா கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு ரகசிய அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளை படமாகக் காட்டும் வசதியை இயக்கிவிட்டால், ஓபராவின் சர்வர் தமிழை படமாக்கி அனுப்பும். அந்தக் காலத்தில் தமிழ் வலைப்பதிவுகளை செல்போனில் படித்தவர்கள் பாதி பேர் இந்த வழியில்தான் வந்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு வந்த புதிதிலும் பல போன்களில் இதே கட்டம்தான். எழுத்துரு போட வேண்டிய ஃபோல்டர் பூட்டியிருக்கும். அதைத் திறக்க போனையே "ரூட்" செய்ய வேண்டும், வாரண்டி போய்விடும். தாய்மொழியைப் படிக்க வாரண்டியை விலை கொடுத்த தலைமுறை அது.

ஆனாலும் ஆண்ட்ராய்டில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது, அந்த ஒரு கடையைத் தவிர வேறு கடையே கிடையாது என்று வைத்தது. ஆண்ட்ராய்டில் "அறியப்படாத மூலங்கள்" என்று ஒரு டிக். அதைப் போட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் ஏற்றலாம். ஐபோன் அதே 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய். எனவே பந்தல்குடி பக்கம் ஆப்பிளின் பூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை :-)

அந்த டிக்கை வைத்துத்தான் சின்ன ஊர்களில் ஒரு பொருளாதாரமே நடந்தது. அருப்புக்கோட்டை மாதிரி ஊர்களில் செல்போன் கடைக்காரரிடம் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு, படம், கேம் எல்லாம் ஏற்றித் தருவார். (காப்புரிமை பற்றி யாரும் பேசக் கூடாது.) கடைக்காரர்தான் ஆப் ஸ்டோர். இன்டர்நெட் மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில் வேறு எப்படி? பிறகு ஷேர்இட், ஜெண்டர் வந்தன. இன்டர்நெட்டே இல்லாமல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஆப்பையே தூக்கிப் போடலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து ஆப் வாங்கிய காலம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்தது. மறு வருடம் ஜியோபோன், 1,500 ரூபாய் டெபாசிட்டில். இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. யாருடைய அனுமதியும் இல்லாமல் எவரும் மென்பொருள் எழுதிப் போடலாம் என்று மொசில்லா உருவாக்கியது ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். 2014-ல் இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு அந்த போனை இந்தியாவில் விற்றது. ஓடவில்லை. மொசில்லா கைவிட்டதும் அதே நிரலிலிருந்து காய்ஓஎஸ் பிறந்தது. அதுதான் ஜியோபோனுக்குள் போனது. போனதும் என்ன ஆயிற்று? ஜியோ சிம் மட்டும், ஜியோ கடையில் இருக்கும் ஆப் மட்டும். வாட்ஸ்அப் வர 2018 செப்டம்பர் ஆனது. அதுவரை ஜியோபோனில் வாட்ஸ்அப் போடுவது எப்படி என்று தேடியவர்களுக்கு போலிகள்தான் கிடைத்தன. திறந்த வீடாகக் கட்டியதை வாங்கியவர் சுற்றி மதில் எழுப்பிவிட்டார்.

இப்போது டிக்டாக் கதை. இதில் இரண்டு தடைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் தடை பந்தல்குடிக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு வழக்கம் போல ஓடியது. இல்லாதவர்கள் வேறு தளங்களில் ஏபிகே கோப்பை எடுத்து ஏற்றிக் கொண்டார்கள். ஏப்ரல் 24 அன்று தடை விலகியது.

இரண்டாவது 2020 ஜூன் 29. மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. இந்த முறை ஏபிகே வைத்திருந்தும் பயனில்லை. ஆப் போனில் இருக்கும், திறக்கும், ஆனால் மறுபக்கம் பதில் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பட்டியலில் ஷேர்இட்டும் ஜெண்டரும் இருந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ஆப் போனது மட்டுமில்லை, ஆப் கைமாறும் பாதையும் அதே நாளில் போனது!

2019-ல் கடையில்தான் பூட்டு. 2020-ல் சர்வரில். தேதியைத் திருப்பி வைக்கும் விரலுக்கு இங்கே வேலை இல்லை.

இதே நகர்வு இன்னொரு இடத்திலும் சத்தமில்லாமல் நடந்தது. போனை ரூட் செய்து லினேஜ்ஓஎஸ் மாதிரி வேறு இயங்குதளம் போடுவது மாணவர்களிடம் ஒரு காலத்தில் திருவிழா. ஷாவ்மி போன்களில் பூட்டைத் திறக்க விண்ணப்பம் போட்டு, 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்தார்கள். ஆனால் யுபிஐ வந்த பிறகு விஷயம் மாறிவிட்டது. போன் தயாரித்தபடி இருக்கிறதா, மாற்றப்பட்டதா என்று வங்கி ஆப் கூகுளிடம் கேட்கிறது. மாற்றப்பட்டது என்றால் பல ஆப்கள் திறக்காது. டீக்கடையில் பத்து ரூபாய் ஸ்கேன் செய்ய முடியாத போனை வைத்துக் கொண்டு என்ன சுதந்திரம்? யாரும் தடை போடவில்லை, சட்டம் எதுவும் வரவில்லை. திருவிழா கலைந்துவிட்டது.

பூட்டு போடுகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அது சின்ன நியாயம் இல்லை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே வரும். வண்டிக்கு அபராத சலான் என்று ஒன்று வரும். ஏற்றினால் குறுஞ்செய்திகளைப் படித்து, ஓடிபியை எடுத்து, கணக்கைத் துடைத்துவிடும். பல மாநில போலீஸ் எச்சரித்த மோசடி இது. காசை இழப்பவர் மென்பொருள் எழுதும் இளைஞர் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று நம்பித் திறக்கும் பெரியவர். 2024 அக்டோபரில் கூகுள், குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும் வெளி ஆப்களை ஏற்றும்போதே தடுக்கும் சோதனையை இந்தியாவுக்கு அறிவித்தது. இந்த அளவில் அது நியாயமான பூட்டு. காபிருக்குப் பிறகு சிம்பியன் போட்டதும் நியாயமானதுதான். சிக்கல் பூட்டில் இல்லை, சாவியை யார் பையில் போட்டுக் கொள்கிறார்கள் என்பதில்.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று இங்கே வருகிறது. 2018-ல் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது பெரிய கம்பெனி இல்லை, மூன்று இளைஞர்கள். இருவர் ஆணையத்திலேயே ஆய்வுப் பணியில் இருந்தவர்கள், ஒருவர் சட்ட மாணவர்! 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பத்திரிகைகள் அபராதத்தைத்தான் தலைப்பாக்கின. ஆனால் உத்தரவில் அதைவிட முக்கியமான வரி ஒன்று இருந்தது: ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுப்பதை கூகுள் தடுக்கக் கூடாது. 2023 மார்ச் 29 அன்று தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்தது, நான்கு நிபந்தனைகளை ரத்து செய்தது. அந்த நான்கில் இதுவும் ஒன்று. கூகுளுக்கு 1,337 கோடி ஒரு செலவுக் கணக்கு. அந்த வரி போனதுதான் லாபம்.

கடைக்கு வெளியே வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையே சாட்சி. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் சென்னை நிறுவனமான மேட்ரிமோனி டாட் காமின் ஆப்களை கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தவர்கள். மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் ஆப்கள் திரும்பின. பாரத் மேட்ரிமோனிக்காக டெல்லியில் பேச ஆள் உண்டு.

2025 ஆகஸ்ட் 25 அன்று கூகுள் அடுத்த அறிவிப்பை விட்டது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுப்பவரும் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்து பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஆப் ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027-லிருந்து மற்ற நாடுகள். ப்ளே ஸ்டோரைவிட வெளியிலிருந்து ஏற்றும் ஆப்களில் 50 மடங்குக்கு மேல் தீங்கு நிரல் இருப்பதாக காரணம் சொன்னார்கள். இலவச மென்பொருள்களை மட்டும் கொடுக்கும் எஃப்-ட்ராய்டு தளம், இப்படியே அமலானால் தங்கள் திட்டமே முடிந்துவிடும் என்றது. எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆபத்து தெரிந்தே ஏற்ற விரும்புபவர்களுக்கு எச்சரிக்கைகளோடு தனி வழி ஒன்று வைப்பதாகச் சொன்னது.

(அதே நவம்பர் கடைசியில் இந்திய அரசு சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லா புதிய போன்களிலும் போட்டே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டு, டிசம்பர் 3 அன்று வாபஸ் வாங்கியது. விரும்பியதைப் போட விடாதது ஒரு பக்கம் என்றால் விரும்பாததைப் போட்டே தீர வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு நாள் கூச்சலில் அது நின்றது.)

பதிவுக் கட்டணம் 25 டாலர். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் கட்டணமில்லாத தனிக் கணக்கு உண்டு, ஆனால் அதில் எழுதும் ஆப்பை குறைந்த எண்ணிக்கை போன்களுக்குத்தான் கொடுக்க முடியும். கல்லூரி ப்ராஜெக்டுக்கு அது போதும். பந்தல்குடிப் பக்கத்து கல்லூரி மாணவி ஒருத்தி மழைக் கணக்கும் விதைப்புக் கணக்கும் எழுதி வைக்க தமிழில் ஒரு ஆப் செய்து, ஊரில் இருக்கும் சம்சாரிகள் எல்லோருக்கும் ப்ளூடூத்தில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் போதாது.