தீ விபத்தில் யார் பொறுப்பு: கட்டடப் பாதுகாப்புச் சட்டம் தமிழகத்தில் கடந்துவந்த வழி

கட்டடம் தீப்பிடித்தோ வெடித்தோ உயிர்கள் போனால் யாரைத் தண்டிப்பது என்பதற்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பது அதில் தனிக் குற்றமாக இடம்பெறவே இல்லை. 1870இல்தான் 304ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி அதிகபட்சத் தண்டனை இரண்டாண்டுச் சிறை. தீயையும் வெடிபொருளையும் கவனமின்றிக் கையாள்வதற்கான 285, 286 பிரிவுகளில் ஆறு மாதம். இறந்தவர் ஒருவரானாலும் நூறு பேரானாலும் இந்த வரம்பு மாறாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு இதுவே அளவுகோலாக இருந்தது.

தடுப்புச் சட்டங்கள் வேறு வழியில் வளர்ந்தன. வெடிபொருள் சட்டம் 1884இலும் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலும் வந்தன. தமிழகத்தில் திரையரங்குகளுக்கு 1955, பொதுக் கட்டடங்களுக்கு 1965, நகர ஊரமைப்புக்கு 1971, தீயணைப்புப் பணிக்கு 1985 எனச் சட்டங்கள் அடுத்தடுத்து இயற்றப்பட்டன. உரிமம் என்பதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை. கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எத்தனை அகலம், வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று ஓர் அலுவலர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் பின்னால் என்ன பொறுப்பேற்க வேண்டும் என்பதில் மட்டும் சட்டம் நெடுங்காலம் மௌனம் காத்தது.

அந்த மௌனத்தின் விலையைத் தமிழகம் திரும்பத் திரும்பக் கொடுத்தது. 1979இல் தூத்துக்குடி லட்சுமி திரையரங்கு எரிந்தது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் பற்றியெரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்தபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநலச் சட்டப்படி உரிமம் இல்லாத காப்பகங்கள் இயங்கக் கூடாது என்பதை நாடு முழுமைக்கும் வலியுறுத்தியது. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப் பந்தல் எரிந்ததில் மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு ஆறு மாதம் கழித்துக் கும்பகோணம்.

2004 ஜூலை 16 காலை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. மதிய உணவுக்கு அடுப்பு மூட்டிய சமையல் கூடத்துக்கும் கீற்று. மாடியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த வகுப்பறைக்கும் கீற்று. சமையல் கூடத்தில் பற்றிய தீ மாடிக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே சரிந்து விழுந்தது. இறந்த குழந்தைகள் 94 பேர். கட்டடம் உறுதியானது என்று பொறியாளர் சான்றளித்திருந்தார். பள்ளிக்குக் கல்வித்துறை அங்கீகாரம் இருந்தது. ஏட்டில் எல்லாம் சரியாக இருந்த ஒரு கட்டடத்தில்தான் இந்தக் கொடுமை நடந்தது.

நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. குற்ற வழக்கின் தீர்ப்புக்கோ பத்தாண்டுகள் ஆயின. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் அறிவித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 304ஏ பிரிவின் இரண்டாண்டு வரம்போடு நிற்காமல், தெரிந்தே உயிர்களை ஆபத்தில் நிறுத்தியதாக நீதிமன்றம் அதைப் பார்த்தது என்பதே இத்தீர்ப்பின் தனிச்சிறப்பு. நிறுவனரோடு கல்வித்துறை அலுவலர்களும் பொறியாளரும் தண்டிக்கப்பட்டது இன்னொரு சிறப்பு. ஆனால் 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையை நீக்கி, நிறுவனர் சிறையில் கழித்த காலமே போதும் என்றது. அலுவலர்கள் சிலர் விடுவிக்கப்பட்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்குப் பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பின் முடிவில் கிடைத்தது இவ்வளவே.

கும்பகோணத்தால் விளைந்த நிலையான சட்டப் பயன் டெல்லியில் பிறந்தது. அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று தீர்ப்பளித்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படியே பள்ளிக் கட்டடங்கள் அமைய வேண்டும், தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பவை அதன் கட்டளைகள்.

உரிமம் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டுமா என்ற கேள்வி டெல்லி உப்ஹார் திரையரங்கு வழக்கில் நேராக எழுந்தது. 1997 ஜூன் 13 அன்று அங்கே 59 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக மேல்மாடத்தில் ஒரு நடைவழியே அடைக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய காவல்துறையையும் சேர்த்தே இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த இரு தரப்பையும் விடுவித்து, 85 விழுக்காட்டைத் திரையரங்கின் மீதும் 15 விழுக்காட்டை மின்வாரியத்தின் மீதும் சுமத்தியது. கெட்ட நோக்கமோ அதிகாரத்தைத் தெரிந்தே தவறாகப் பயன்படுத்தியதோ இல்லாதவரை, கடமையில் தவறியதற்காக மட்டும் உரிம அதிகாரியை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. பாதிக்கப்பட்டோருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பின்னடைவு.

வெடிவிபத்துகளில் இழப்பீட்டுச் சட்டம் வேகமாக முன்னேறியது. போபால் விஷவாயுக் கசிவை அடுத்து 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்த விலக்கும் இன்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோட்பாடு உருவானது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இதை எழுத்தாக்கியது. 2021 பிப்ரவரியில் விருதுநகர் மாவட்டம் அச்சன்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது தீர்ப்பாயம் தானாக முன்வந்து, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. குற்றவியல் பக்கம் இந்த வேகம் இல்லை. போபால் வழக்கின் குற்றச்சாட்டையே உச்ச நீதிமன்றம் 1996இல் 304ஏ அளவுக்குக் குறைத்துவிட்டது.

காஞ்சிபுரத்துக்கும் பட்டாசு ஆலை வெடிவிபத்து தொலைவான செய்தி அன்று. 2023 மார்ச் 22 அன்று அம்மாவட்டத்தின் குருவிமலையில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்து, கூலிக்கு வந்த தொழிலாளர்கள் பலர் இறந்தனர்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அலட்சிய மரணத்துக்கான தண்டனையை 106ஆம் பிரிவில் ஐந்தாண்டாக உயர்த்தியது. பணி தொடர்பான செயலுக்காக உயர் அலுவலர்கள் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற தடை நீடிக்கிறது. ஆனால் 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று அதனுடன் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. கோப்பைக் கிடப்பில் போட்டு வழக்கை முடக்கும் வழி இதனால் ஓரளவு அடைபட்டது.

அடைபடாத இடைவெளி ஒன்று உண்டு. மின்விசையோடு பத்துப் பேர், மின்விசை இல்லாமல் இருபது பேர் வேலை செய்யும் இடத்தையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை என்றது. திருப்பருத்திக்குன்றம் போன்ற காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்யும் குடும்பங்கள் அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. பட்டும் பாவும் மின்கம்பியும் சமையல் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வெறும் வீடு. தொழிற்சாலை ஆய்வாளருக்கு அதன் வாசலைத் தாண்டும் அதிகாரம் இல்லை. அங்கே தீப்பிடித்தால் உரிமதாரர் என்றும் உரிமம் கொடுத்தவர் என்றும் சுட்ட யாரும் இருக்கமாட்டார்கள். கூலிக்கு நெய்யும் குடும்பமே இழப்பை முழுதாகத் தாங்க வேண்டியிருக்கும்.