கேற்றுக்கு வெளியில் என்ன இருந்தது? அயர்லாந்தின் தாய்-சேய் இல்லங்களும் ஒரு கொடுப்பனவின் கதையும்

2013இல் வந்த 'பிலோமினா' படத்தை எங்களில் சிலர் பார்த்திருப்போம். அது உண்மைக் கதை. அயர்லாந்தைச் சேர்ந்த பிலோமினா லீ 18 வயதில் கர்ப்பமானார். கலியாணம் முடிக்கவில்லை. வீட்டில் இருந்து அவரை றொஸ்கிறே என்ற ஊரில் அருட்சகோதரிகள் நடத்திய ஷோன் றொஸ் தாய்-சேய் இல்லத்துக்கு அனுப்பினார்கள். 1952இல் மகன் பிறந்தான். இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டே பிள்ளையையும் பார்த்தார். 1955இல் அவரிடம் கையெழுத்து வாங்கி, பிள்ளையை அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துக் கொடுத்தார்கள். பிறகு தாய் மகனைத் தேடினார், மகனும் தாயைத் தேடி அதே இல்லத்துக்கு வந்தார். இருவருக்கும் ஒரு தகவலும் கொடுக்கப்படவில்லை. 1995இல் இறந்த மகன், தன் விருப்பப்படி அந்த இல்லத்தின் வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

படம் பார்க்கிற யாருக்கும் முதலில் அருட்சகோதரிகள் மேல்தான் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எங்களுக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. மூன்று வருடம் வளர்த்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் ஏன் வெளிக்கிட்டுப் போகவில்லை? இதற்குப் பதில் வேணுமெண்டால் இல்லத்துக்குள்ளே மட்டும் பார்த்தால் போதாது. கேற்றுக்கு வெளியில் என்ன இருந்தது எண்டும் பார்க்க வேணும்.

ஒரு புதிய நாடும் பழைய கட்டடங்களும்

அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் பிரித்தானியரிடமிருந்து பிரிந்து சுதந்திர அரசாக வந்தது. பிரித்தானியர் காலத்தில் கதியற்ற ஏழைகளை அடைத்து வைத்த 'வேர்க்ஹவுஸ்' கட்டடங்கள் நாடு முழுக்க இருந்தன. திருமணமாகாத தாய்மாரும் அவற்றுக்குள்தான் இருந்தார்கள். புதிய அரசும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களைத் தனியாகப் பிரித்து வைக்க நினைத்தன. கோர்க் நகரில் பெஸ்பரோ இல்லம் 1922இலும், ஷோன் றொஸ் 1931இலும், காஸில்பொலார்ட் 1935இலும் திறக்கப்பட்டன. டுவாம் என்ற ஊரில் 1925 முதல் 1961 வரை இயங்கிய இல்லம் ஒரு பழைய வேர்க்ஹவுஸ் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது.

இந்த இல்லங்களை விசாரிக்க 2015இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு 18 நிறுவனங்களை ஆராய்ந்தது. 1922 முதல் 1998 வரை சுமார் 56,000 தாய்மாரும் 57,000 பிள்ளைகளும் அவற்றுக்குள் இருந்திருக்கிறார்கள். தாய்மாரில் நூற்றுக்குப் பதினொரு பேர் வரை 18 வயதுக்குக் குறைந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருந்திருக்கிறாள். ஒரு விதத்தில் இது பாடசாலை வயதுப் பிள்ளைகளின் வரலாறும்தான்.

உள்ளே நடந்தது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சம்பளமில்லாத வேலை, ஏச்சு, மனதில் ஏற்றப்பட்ட குற்ற உணர்வு. இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை சாவு. 57,000 பிள்ளைகளில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள், அதாவது 15 வீதம். பெஸ்பரோவில் 1943இல் பிறந்த அல்லது சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் 75 வீதமானோர் இறந்து போனார்கள். நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ அதிகம் எண்டு அந்தக் காலத்து அரச அறிக்கைகளிலேயே பதிவாகியிருந்தது. அதாவது, தெரியாமல் நடந்த விசயம் இல்லை.

காசு யாருடைய கைக்குப் போனது?

இனித்தான் எங்களை யோசிக்க வைத்த இடம் வருகிறது. இந்த இல்லங்கள் தான தர்மத்தில் மட்டும் நடந்தவை அல்ல. உள்ளே இருக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு எண்டு உள்ளூராட்சி மன்றங்கள் இல்லங்களுக்குக் காசு கட்டின. டுவாம் இல்லத்தின் கட்டடமே மாவட்ட சபைக்குச் சொந்தமானது. அப்படியென்றால் ஒரு தாயையும் பிள்ளையையும் பராமரிக்க அரசிடம் காசு இருந்திருக்கிறது. அந்தக் காசு இல்லத்தின் கைக்குப் போனது, தாயின் கைக்குப் போகவில்லை.

அதே தாய் பிள்ளையோடு வெளியே வந்தால் அவளுக்கு ஒரு சதமும் இல்லை. கணவனை இழந்த பெண்களுக்கு 1935இலேயே ஓய்வூதியம் வந்துவிட்டது. திருமணமாகாத தாய்க்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளையோடு வாறவளுக்கு வாடகைக்கு அறை கிடைக்காது. வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. வீட்டுக்குத் திரும்பலாமெண்டால், அங்கிருந்துதான் அவளை அனுப்பியே வைத்தார்கள். சட்டத்தில் அவளுடைய பிள்ளை 'முறையற்ற பிள்ளை'. 1952இல் தத்தெடுப்புச் சட்டம் வந்த பிறகு கையெழுத்து வைத்துப் பிள்ளையைக் கொடுப்பதுதான் ஒரே வழி என்ற நிலை வந்தது. 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தது அரசாங்கம்.

சிலர் இல்லத்துக்குப் போகாமல் கப்பலேறி இங்கிலாந்துக்கு ஓடினார்கள். அங்கத்தைய சமூக சேவையாளர்கள் தங்கள் கோப்புகளில் இப்படி வந்த பெண்களைக் குறிக்க 'பி.எஃப்.ஐ' எண்டு மூன்று எழுத்து எழுதி வைத்தார்கள். 'அயர்லாந்திலிருந்து வந்த கர்ப்பிணி' என்பதன் சுருக்கம் அது. சுருக்கெழுத்தே தேவைப்படும் அளவுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் எண்டு விளங்குகிறது.

ஆகவே பிலோமினா ஏன் வெளிக்கிடவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அந்தக் கதவைப் பூட்டி வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளியில் நிற்க ஒரு இடமும் இல்லாதபோது திறந்த கதவும் பூட்டிய கதவும் ஒன்றுதான்.

அதே நகரம், அதே திருச்சபை, வேறொரு வீடு

"அந்தக் காலம் அப்படித்தான், ஆருக்கும் வேற மாதிரி யோசிக்கத் தெரியேல்ல" எண்டு சொல்லித் தப்ப முடியாது. ஏனென்றால் அதே காலத்தில் டப்ளின் நகரத்திலேயே வேறு மாதிரி யோசித்த ஒரு வீடு இருந்தது.

பிராங்க் டஃப் என்ற அரச உத்தியோகத்தர் 1921இல் மரியாயின் சேனையைத் தொடங்கியவர். எங்கட ஊர்ப் பங்குகளிலும் கிழமைக்கொருக்கால் கூடுகிற அதே மரியாயின் சேனைதான். அந்த அமைப்பு 1930இல் டப்ளினின் வட பிறன்ஸ்விக் வீதியில் ஒரு பழைய வேர்க்ஹவுஸ் கட்டடத்தின் பகுதியில் 'றெஜினா சேலி' என்ற பெண்கள் விடுதியைத் திறந்தது. வீடில்லாத எந்தப் பெண்ணும் வரலாம். திருமணமாகாத தாய் வந்தால், பிள்ளையைக் கொடு எண்டு சொல்லவில்லை. பிள்ளையை நீயே வைத்துக்கொள், அதற்கு என்ன செய்யலாம் எண்டு பார்த்தார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழி மிகச் சாதாரணமானது. தாய்மார் சிறு சிறு குழுக்களாக இருந்தார்கள். ஒரு தாய் விடுதியில் நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பாள். மற்றவர்கள் நகரத்துக்குள் வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுப்பார்கள். உழைப்பில் ஒரு சிறு தொகையை விடுதிக்குக் கட்டுவார்கள். பின்னேரம் வந்து தன் பிள்ளையைத் தானே தூக்குவாள். வேலையால் களைத்து வந்து பிள்ளையையும் பார்ப்பது லேசில்லைத்தான். ஆனால் அந்தக் களைப்பு ஒரு சாதாரண தாயின் களைப்பு.

இதை நாங்கள் சொர்க்கமாகக் காட்ட விரும்பவில்லை. கட்டடம் பழையது, இடம் காணாது, காசு எப்பவும் தட்டுப்பாடு. குழந்தைகள் இறப்பது அங்கேயும் அதிகமாக இருந்தது. ஜெபமும் ஒழுங்கு விதிகளும் நிறைய. ஆனால் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைத்திருக்கலாம் என்பதை அது பல பத்து வருடங்கள் செய்து காட்டியது. அதுவும் திருச்சபைக்கு வெளியே இருந்து அல்ல, உள்ளே இருந்துகொண்டே. அரசு விரும்பியிருந்தால் இந்த முறையை ஒவ்வொரு நகரத்திலும் காசு போட்டு வளர்த்திருக்கலாம். அது நடக்கவில்லை. தாய் பிள்ளையோடு வெளியே நடமாடினால் ஊருக்குத் தெரியும். இல்லங்கள் இருந்ததோ ஊருக்குத் தெரியாமல் மறைப்பதற்கு.

1973

மாற்றம் கடைசியில் தாய்மாரிடம் இருந்தே வந்தது. 1972இல் டப்ளினில் மோரா ஓடே என்ற திருமணமாகாத தாயும் அவரைப் போன்ற சிலரும் சேர்ந்து 'செரிஷ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை 'விழுந்த பெண்கள்' பற்றி மற்றவர்கள்தான் கதைத்தார்கள். இப்போது அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் வெளியே வந்து, எங்களுக்கு மன்னிப்பு வேண்டாம், வருமானமும் வீடும் வேணும் எண்டு கேட்டார்கள். பின்னாளில் அயர்லாந்தின் சனாதிபதியான மேரி றொபின்சன், அப்போது இளம் சட்டத்தரணியாக, அந்த அமைப்பின் முதல் தலைவராக நின்றார். அதே 1972இன் கடைசியில், பெண்களின் நிலை பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழுவும் இப்படிப்பட்ட தாய்மாருக்குக் கொடுப்பனவு வேண்டும் எண்டு பரிந்துரைத்தது.

1973இல் 'திருமணமாகாத தாய் கொடுப்பனவு' சட்டமானது. தொகை பெரிதல்ல. ஆனால் அரசின் காசு முதல் தடவையாக இல்லத்தின் கைக்குப் போகாமல் தாயின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு கையெழுத்து வைத்துப் பிள்ளையைக் கொடுத்தவர்களின் தொகை குறைந்துகொண்டே போனது. இல்லங்களும் ஒவ்வொன்றாக வெறுமையாகின. பாவம், ஒழுக்கம் பற்றிய பிரசங்கங்கள் ஐம்பது வருடமாக எதையும் மாற்றவில்லை. கிழமைக் கிழமை கையில் கிடைத்த காசு மாற்றியது.

அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையால் நிறுத்துவதை 1977இன் சட்டம் தடுத்தது. பிள்ளைகளை 'முறையற்றவர்' எண்டு பிரிப்பதை 1987இன் சட்டம் ஒழித்தது. இன்றைக்கு அயர்லாந்தில் பிறக்கிற பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருமணத்துக்கு வெளியேதான் பிறக்கிறார்கள்.

ஆனாலும் காசும் சட்டமும் மட்டும் போதும் எண்டு நினைக்கக் கூடாது. கொடுப்பனவு எடுக்கிற தாய் ஒரு ஆணோடு சேர்ந்து வாழ்ந்தால் அது நிறுத்தப்படும் என்ற விதி இருந்தது. யார் வீட்டுக்கு வாறார், போறார் எண்டு பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். 1984 சனவரியில் கிறனார்ட் என்ற சிறிய ஊரில், ஆன் லொவெற் என்ற 15 வயதுப் பிள்ளை ஒருவருக்கும் சொல்லாமல் மாதா கெபிக்குப் பக்கத்தில் தனியே குழந்தை பெற்று, குழந்தையோடு தானும் இறந்து போனாள். கொடுப்பனவு வந்து பத்து வருடத்துக்கும் மேலாகியிருந்தது. அவளுக்கு இல்லாமல் போனது, "அம்மா, எனக்கு இப்பிடி ஆகிட்டுது" எண்டு சொல்லக்கூடிய ஒரு வீடும் ஊரும்.

கணக்கு இன்னும் முடியவில்லை

பெஸ்பரோ 1998இல்தான் மூடப்பட்டது. டுவாமில் கத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆய்வாளர் தனி ஆளாக 796 பிள்ளைகளின் மரணப் பதிவுகளைத் தேடி எடுத்தார். அவர்கள் அடக்கம் செய்யப்பட்டதற்கான பதிவுகள் இருக்கவில்லை. 2014இல் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவிய பிறகுதான் ஆணைக்குழுவே வந்தது. 2017இல் இல்லத்தின் வளவில் நிலத்துக்குக் கீழான அறைகளில் குழந்தைகளின் எச்சங்கள் இருப்பது உறுதியானது. முறையான அகழ்வு 2025 யூலையில் தொடங்கியது. மண்ணுக்குள்ளிருந்து பிள்ளைகளைத் தோண்டி எடுத்துப் பெயர் தேடுவது என்றால் என்ன எண்டு எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2021 சனவரியில் ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை வந்தது. அடுத்த நாள் பிரதமர் மிஹோல் மார்ட்டின் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பாதிக்கப்பட்ட பலர் அறிக்கையை ஏற்கவில்லை. தாய்மாருக்கு நடந்த கொடுமைக்கு முதன்மைப் பொறுப்பு பிள்ளைகளின் தகப்பன்மாரும் பெண்களின் சொந்தக் குடும்பங்களும்தான் எண்டு அறிக்கை சொன்னது. அந்தக் குடும்பங்களுக்கு வேறு வழியில்லாமல் செய்தது யார் எண்டு அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 2024இல் நட்டஈட்டுத் திட்டம் தொடங்கியபோது, குழந்தைப் பருவத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இல்லத்தில் இருந்தவர்கள் வெளியே விடப்பட்டார்கள். தாயிடமிருந்து ஐந்து மாதத்தில் பிரிக்கப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை.

ஒரு காப்பகத்தைப் பார்க்கும்போது

அயர்லாந்தைத் திட்டிவிட்டு முடிப்பதற்காக இதை எழுதவில்லை. இளம் தாய்மாருக்கான காப்பகம் எங்கே இருந்தாலும், நாங்கள் வழமையாகக் கேட்கிற கேள்விகள் உள்ளே பற்றியவை. சாப்பாடு இருக்கா, கட்டில் இருக்கா, பாதுகாப்பா, துப்புரவா? இவை கட்டாயம் கேட்க வேண்டியவை. பெஸ்பரோவில் இவை கேட்கப்படாததால்தான் பிள்ளைகள் செத்தார்கள்.

ஆனால் றெஜினா சேலியின் கதையும் 1973இன் கதையும் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கச் சொல்கின்றன. இங்கே நிற்கிற பிள்ளை எப்போது, எதை நம்பி வெளியே போவாள்? அவளுடைய பெயரில் வங்கிப் புத்தகம் இருக்கா? விட்ட படிப்பைத் தொடரப் பாடசாலை அவளை எடுக்குமா? வேலைக்குப் போகிற நேரம் பிள்ளையை யார் பார்ப்பார்? வாடகைக்கு அறை கொடுக்கிறவர் "அவர் எங்க?" எண்டு கேட்டால் என்ன சொல்வாள்? இதில் கடைசிக் கேள்விக்குக் காப்பகம் பதில் சொல்ல முடியாது. அறை கொடுக்கிறவர்களும், பக்கத்து வீட்டுக்காரரும், அவளோடு வகுப்பில் இருந்தவர்களும்தான் பதில் சொல்ல வேணும். அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம்.