டிரான்ஸ்ஃபர் ஆகாத விலாசம்

பேங்க் வேலையில் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர். கும்பகோணத்தில் பி.காம் முடித்து வேலைக்கு வந்ததிலிருந்து ஏழு வீடு மாறி, இப்போது வைட்ஃபீல்டில் குப்பை கொட்டுகிறேன். கேஸ், பாஸ்போர்ட், பிள்ளைகள் ஸ்கூல் என்று எல்லாவற்றிலும் விலாசம் மாறும். மாறாதது ஈமெயில் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது அப்பா போன பிறகுதான். ஊரில் பிரவுசிங் சென்டர் பையனிடம் சொல்லிச் சொல்லி, தங்கிலீஷில் அப்பா அனுப்பிய மெயில்கள் ஒரு இலவசக் கணக்கில் இருந்தன. (பெயர் வேண்டாம்.) பல மாதமாகத் திறக்கவில்லை. ஒருநாள் திறந்தால் பெட்டி சுத்தமாகக் காலி. ரொம்ப நாள் திறக்காவிட்டால் அழித்துவிடுவோம் என்று விதிமுறையிலேயே போட்டிருக்கிறதாம். கவுண்டரில் நின்று "ரூல்ஸ்ல இருக்கு சார்" என்று தினமும் சொல்கிற எனக்கே!

போன மாசம் வீட்டுக்கென்று ஒரு டொமைன் வாங்கி, நாலு பேர் மெயில், காலண்டர், என் வலைப்பதிவு எல்லாவற்றையும் அங்கே குடிவைத்தேன். அந்தச் சாக்கில் பழைய கதையையும் கொஞ்சம் கிளறினேன்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அப்போதைய மெயில் விலாசங்கள் நினைவிருக்கிறதா? மெட்ராஸ்காரருக்கு 'ஜிஐஏஎஸ்எம்டி01', பெங்களூர்க்காரருக்கு 'ஜிஐஏஎஸ்பிஜி01' என்று நடுவில் ஒரு வால் வரும். ஊர்ப் பெயரே விலாசத்துக்குள் உட்கார்ந்திருந்தது. ஊர் மாறினால் விலாசமும் போச்சு. கடைசியில் விஎஸ்என்எல்லே 2002-ல் டாடா கைக்குப் போய், 2008-ல் டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆகிவிட்டது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஹாட்மெயில். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் அதைத் தொடங்கிய நாள் 1996 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். இணைப்பு கொடுக்கிற கம்பெனியிடமிருந்து மெயிலுக்கு விடுதலை என்று அர்த்தம். விடுதலை கிடைத்தது நிஜம்தான். ஆனால் அடுத்த வருஷக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. நமக்குக் கிடைத்தது வாடகை இல்லாத வீடு. வாடகை கொடுக்காதவனுக்கு ரசீது கிடையாது, ரசீது இல்லாதவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?

வேடிக்கை என்னவென்றால், சொந்த விலாசத்துக்கு வழி அதற்குப் பத்து வருஷம் முன்பே இருந்தது. டொமைன் பெயர் முறையை பால் மொகபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்தார். 1986-ல் அதில் எம்எக்ஸ் பதிவு வந்தது. "இந்தப் பெயருக்கு வரும் தபாலை இந்த சர்வரில் கொடு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். சர்வீஸ் பிடிக்கவில்லையா, அந்த வரியை மாற்று. வெளியே சொல்கிற விலாசம் அப்படியே இருக்கும். மொபைல் நம்பருக்கு இந்த உரிமை நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். பேங்க் அக்கவுண்ட் நம்பருக்கு இன்னும் வரவில்லை (இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்).

வலைப்பதிவு கதை இன்னும் மோசம். 2006 ஜூலையில் சில பக்கங்களை மட்டும் மூடச் சொல்லி மத்திய அரசு ஆணை போட, இணைப்பு நிறுவனங்கள் பல, பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக மூடிவிட்டன. சமையல் குறிப்பு எழுதினவரும் மாட்டிக்கொண்டார். சொந்த டொமைனில் இருந்தவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டதா? 2012 முதல் இந்திய வாசகர்களை கூகுள் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற விலாசத்துக்குத் திருப்பிவிட்டது. நம்மாட்களும் முகவரிப் பட்டையில் தெரிந்ததை அப்படியே நகலெடுத்து ஊரெல்லாம் சுட்டி கொடுத்தார்கள். 2020-ல் அந்த டொமைன் கூகுள் கையைவிட்டே போய், வேறு யாரோ வாங்கி விலைக்கு வைத்துவிட்டார்கள். அந்தச் சுட்டிகள் அத்தனையும் செத்தன.

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால்? சொந்த டொமைன் என்கிறோமே, அதுவும் குத்தகைதான். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குத்தான் பணம் கட்ட முடியும். கட்டாமல் விட்டால் மெயில், காலண்டர், பதிவு மூன்றும் ஒரே நாளில் நின்றுவிடும். நானே முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரின்யூவல் நினைவூட்டல் வருவதற்கு அதே புது டொமைன் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். டொமைன் போனால் நினைவூட்டலும் போகும்! மகள்தான் கண்டுபிடித்தாள்.

தங்கமணி கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. "எல்லாம் சரி, நாமினி யாரு?"

எஃப்.டி.க்கு உண்டு, லாக்கருக்கு உண்டு. டொமைன் வாங்கிய படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. அதனால் இரண்டாவது தொடர்பாக அவர் பழைய மெயிலையும் மொபைலையும் சேர்த்தேன். லாகின் விவரத்தைக் கையால் எழுதி ஒரு கவரில் போட்டு லாக்கரில் வைத்தாயிற்று. வீட்டுக் காலண்டரில் முதல் பதிவு ரின்யூவல் தேதி, எல்.ஐ.சி. பிரீமியத்துக்கு மேலே.

அப்பாவின் மெயில்களில் தப்பியது ஒன்றே ஒன்று. பொங்கலுக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று கேட்டது, ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். அதுவும் அந்தக் கவரில்தான் இருக்கிறது.