நிலவுக்கு உதவிய நாமக்கல் பாறை

2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது எல்லோர் கண்ணும் பெங்களூர் கட்டுப்பாட்டு அறையின் மேல் இருந்தது. அந்த வெற்றியில் நம் நாமக்கல் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. திண்ணனூர் நாட்டிலிருந்தும் கொல்லிமலையின் மற்ற நாடுகளிலிருந்தும் இறங்கிவந்து கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் எஸ்.அன்பழகன், அங்குள்ள புவித் தகவலியல் மற்றும் கோள் ஆய்வு மையத்தை வழிநடத்தியவர். நிலவின் மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறையால் ஆனது. 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் கொண்டுவந்த புகழ்பெற்ற கல்லும் அதுதான். அதே வகைப் பாறை நம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது.

லேண்டரின் கால்கள் தரையில் ஊன்றுமா, ரோவரின் சக்கரம் புதையுமா என்று சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் கிலோ 150 டாலர். அன்பழகன் குழு நம் பாறையை ஆராய்ந்து, அது பொருந்தும் என்று காட்டியது. பாறை சேலம் கிரஷர்களில் பொடியாகி பெங்களூர் போனது. அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் காப்புரிமை கிடைத்தது. இஸ்ரோ விஞ்ஞானிகளோடு அன்பழகன், எஸ்.அறிவழகன் உள்ளிட்ட பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பெயர்களும் அதில் உள்ளன. அதில் இடம்பெறாத கிரஷர் தொழிலாளிகளின் உழைப்பையும் நாம் மறக்கக் கூடாது.

நம் மண்ணின் கல்லை இதுவரை பெரும்பாலும் டன் கணக்கில் விலைதான் பேசினார்கள். கொல்லிமலை பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனதும் அப்படித்தான். ஒரு ஆசிரியர் அதே மாவட்டத்துக் கல்லிடம் வேறு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க ஐஐடி தேவைப்படவில்லை. 1997-இல் தொடங்கிய ஒரு மாநிலப் பல்கலைக்கழகமே போதுமானதாக இருந்தது.

தலித், பழங்குடி வீடுகளின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எட்டக்கூடிய கதவு இத்தகைய பல்கலைக்கழகம்தான். அதனால் இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி, காலிப் பணியிடம் ஆகியவற்றுக்காக நாம் போராடுவது வெறும் சலுகைக்கான போராட்டம் அல்ல. நம் காலடிக் கல்லை வேறொருவர் வந்து ஆராயும்வரை காத்திருக்காமல், நாமே படிப்பதற்கான போராட்டம் அது.