அடி மேல் அடி: 'கரண்ட்' வைக்க ஏன் இத்தனை நாள்? (மருத்துவ வரலாறு, நீள் இழை)

1/
"ஏன் சார், இந்தக் கரண்ட ஒரே நாள்ல மொத்தமா வெச்சு அனுப்பிவிட்டா ஆகாதா?"

போன மாசம் என் ஓபில ஒரு அம்மா கேட்ட கேள்வி. அவங்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மெடிக்கல் காலேஜ்ல 25 நாள் கதிர்வீச்சு எழுதியிருக்காங்க. 11 நாள் முடிஞ்சதும் வயித்துப்போக்கு. ஊர்ல நடவு வேலை வேற. யார்கிட்டயும் சொல்லாம கிளம்பி வந்துட்டாங்க. வந்து 6 நாள் ஆச்சு.

2/
நம்ம ஊர்ல ரேடியேஷனுக்குப் பேரே 'கரண்ட் வைக்கிறது'தான். உண்மையில மின்சாரம் எதுவும் உடம்புக்குள்ள போறதில்ல. எக்ஸ்ரே வகைக் கதிர்தான், ஆனா பல மடங்கு வீரியமானது. சில நிமிஷ வேலை, அந்த நேரத்துல வலிக்காது. அதுக்காக 25 நாள் பஸ் ஏறணும்னா யாருக்கும் இந்தக் கேள்வி வரும்.

நான் எம்பிபிஎஸ் தான், புற்றுநோய் நிபுணர் இல்ல. ஆனா இதே கேள்விக்காக 100 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவோட பெரிய டாக்டர்கள் ரெண்டு கட்சியா நின்னாங்க. அந்தக் கதைதான் இந்த இழை.

3/
1895 நவம்பர்ல ஜெர்மனியில ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கிறார். அடுத்த வருஷமே வியன்னாவில லியோபோல்ட் ஃப்ராய்ண்ட்ங்கிற டாக்டர் அதை வைத்தியத்துக்கு எடுக்கிறார். 5 வயசுப் பொண்ணு, முதுகு முழுக்க முடி முளைச்ச பெரிய மச்சம். தினமும் 2 மணி நேரம் கதிர் காட்டினார்.

முடி கொட்டிச்சு. அப்புறம் அதே இடத்துல தோல் வெந்து ஆறாத புண்ணாச்சு. அந்தப் பொண்ணு வயசாகுற வரைக்கும் வாழ்ந்தாங்க, முதுகுல அந்தத் தழும்போட. கதிர் வேலை செய்யும், கூடவே நல்ல தோலையும் பொசுக்கும்னு முதல் நோயாளியிலயே தெரிஞ்சுபோச்சு.

4/
அப்போ பெரிய சிக்கல் அளவு. மாத்திரைக்கு மில்லிகிராம் இருக்கு, கதிருக்கு என்ன இருக்கு? நோயாளியோட தோல் சிவக்குதான்னு பார்ப்பாங்க. கதிர் பட்டா நிறம் மாறுற ஒரு வில்லையைப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. மெஷின் நல்லா வேலை செய்யுதான்னு தன் கையையே நீட்டிப் பார்த்த டாக்டர்கள் பலர் விரல்களை இழந்தாங்க.

எடிசனோட உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, ரெண்டு கையையும் வெட்டி எடுத்தும் 1904ல புற்றுநோயால இறந்தார். உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு அளவு 1928ல ஸ்டாக்ஹோம் மாநாட்டுலதான் வந்தது.

5/
இந்த நேரத்துல ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துல சைட்ஸ், விண்ட்ஸ்னு ரெண்டு டாக்டர்கள். அவங்க வாதம் அந்த அம்மா கேட்டதேதான். சர்ஜன் ஒரே தடவையில கட்டியை எடுக்கிறார், கதிரும் அப்படித்தான் இருக்கணும். தோல் சிவக்கிற அளவுல 110 சதவீதம், இதுதான் 'புற்றுநோய் டோஸ்'னு கணக்கே போட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா கட்டி சாகாம தூண்டிவிடப்பட்டு வளரும்னு பயம் வேற.

கேட்க நியாயமாத்தான் இருந்தது. ஆனா கட்டி முழுசா சாகுற அளவுக்கு ஏத்தினா சுத்தி இருக்கிற நல்ல சதையும் சேர்ந்து செத்தது. குறைச்சா கட்டி திரும்பி வந்தது.

6/
எதிர்க்கட்சி பாரிஸ்ல. அங்கே ரேடியம் இன்ஸ்டிட்யூட்ல ரெண்டு ஆய்வகம். ஒண்ணு மேரி கியூரியோடது. இன்னொண்ணு க்ளோட் ரெகோ என்கிற டாக்டரோடது. ரெகோ எடுத்த சோதனைப் பொருள் ஆட்டுக்கிடாவோட விதை.

சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. விதைக்குள்ள விந்தணுவை உருவாக்கும் செல்கள் ஓயாம பிரிஞ்சு பெருகுது, புற்றுநோய்க் கட்டி மாதிரி. அதை மூடியிருக்கிற தோல், கட்டியைச் சுத்தி இருக்கிற நல்ல சதை மாதிரி.

7/
ஒரே தடவையில கதிர் கொடுத்து கிடாவை மலடாக்கப் பார்த்தாங்க. தோல் மோசமா வெந்து அழுகாம அது முடியவே இல்ல. அதையே சிறு சிறு பங்காப் பிரிச்சு பல நாள் கொடுத்தப்போ கிடா மலடாச்சு, தோல் பெரிய சேதமில்லாம தப்பிச்சது.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு நம்ம பாட்டிங்க சொன்னது கதிருக்கும் பொருந்துது.

8/
இதை மனுஷங்ககிட்ட கொண்டுபோனவர் ரெகோவோட சகா ஆன்றி கூதார். எடுத்தது தொண்டை, குரல்வளைப் புற்றுநோய். அந்தக் காலத்துல அதுக்கு குரல்வளையையே எடுக்கணும், அத்தோட பேச்சு போச்சு. கூதார் தினமும் கொஞ்சமா வாரக்கணக்குல கதிர் கொடுத்தார். 1922ல பாரிஸ் மாநாட்டுல, முத்தின குரல்வளைப் புற்றுநோய் குணமான நோயாளிகளைப் பத்தி அறிக்கை வெச்சாங்க.

1930கள்ல உலகம் மெல்ல பாரிஸ் பக்கம் சாய்ஞ்சது. இன்னிக்கு உங்க சொந்தக்காரங்களுக்கு 25 நாள், 33 நாள்னு எழுதுறது இந்த வழியில வந்ததுதான்.

9/
ஏன் இப்படி வேலை செய்யுதுன்னு புரிய இன்னும் 20 வருஷம் ஆச்சு. 1956ல பக், மார்கஸ்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், தட்டுல வளர்த்த மனித செல்கள் எந்த டோஸுக்கு எத்தனை சாகுதுன்னு எண்ணினாங்க. அந்த செல்களோட பேரு ஹீலா. 1951ல ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணோட கட்டியிலிருந்து, அவங்ககிட்ட கேட்காமலே எடுத்தது. அவங்களுக்கு இருந்ததும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான்.

10/
காரணம் ஒண்ணு: பழுதுபார்ப்பு. கதிர் செல்லோட டிஎன்ஏவை உடைக்குது. சின்ன அடின்னா நல்ல செல் சில மணி நேரத்துல அதைச் சரிபண்ணிடும். புற்றுநோய் செல் பெரும்பாலும் இந்த வேலையில மட்டம். ராத்திரி நல்ல செல் தேறிடும், கட்டி தேறாது. மறுநாள் அடுத்த அடி.

காரணம் ரெண்டு: ஆக்சிஜன். கட்டியோட நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிரால லேசுல கொல்ல முடியாது. வெளிச்சுத்து செல்கள் செத்து கட்டி சுருங்கச் சுருங்க, உள்ளே காத்து கிடைக்கும். அடுத்தடுத்த டோஸ்ல அதுவும் மாட்டும்.

11/
காரணம் மூணுதான் ரொம்ப முக்கியம், இது நம்ம எதிரி. சிகிச்சை நடக்கும்போதே மிச்சமிருக்கிற புற்றுநோய் செல்கள் பெருக ஆரம்பிக்கும். சில வாரம் போனா முன்னைவிட வேகமாப் பெருகும்.

அதனால இடைவெளி விட்டா, விட்ட நாள் விட்டதுதான்னு இருக்க முடியாது. கர்ப்பப்பை வாய், தலை-கழுத்துப் புற்றுநோய்கள்ல, சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையுதுன்னு கணக்கு. கர்ப்பப்பை வாய்க்கு மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள்ள முடியணும்.

12/
மெஷினும் மாறிச்சு. பழைய எக்ஸ்ரே தோல்லதான் அதிகம் இறங்கும். 1951ல கனடாவில கோபால்ட்-60 மெஷின் வந்தது. அதோட கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழதான் உச்சத்தைத் தொடும், தோல் தப்பிக்கும். 1953ல லண்டன்ல லீனியர் ஆக்சிலரேட்டர்ல முதல் நோயாளிக்கு சிகிச்சை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட முயற்சியில 1954ல தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு 1957லயே கோபால்ட் மெஷின் வந்துடுச்சு.

13/
"அப்போ சிலருக்கு மட்டும் 5 நாள்ல முடிக்கிறாங்களே?" சரியான கேள்வி. 1968ல ஸ்வீடன்ல லார்ஸ் லெக்செல் உருவாக்கின காமா நைஃப், மூளைக்குள்ள சின்ன இடத்துக்கு ஒரே தடவையில கதிர் கொடுக்குது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் 3 வாரத்துக்குப் பதிலா ஒரே வாரத்துல 5 தடவை போதும்னு 2020ல பிரிட்டன் ஆய்வு காட்டிச்சு.

ஆக எர்லாங்கன் டாக்டர்களோட ஆசை முழுசா தப்பில்ல. குறி பார்க்க அவங்ககிட்ட கருவி இல்ல. எத்தனை நாள்ங்கிறது எந்த உறுப்பு, பக்கத்துல என்ன இருக்கு, எவ்வளவு துல்லியமா குறிவைக்க முடியும்ங்கிறதைப் பொறுத்தது.

14/
அந்த அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லல. "அம்மா, உங்க 25 நாள் கரண்ட ஒரே நாள்ல வெச்சா, கட்டியோட குடலும் மூத்திரப்பையும் சேர்ந்து அழுகிடும். தினம் கொஞ்சம் வெச்சா ராத்திரியில குடல் தேறிக்கும், கட்டி தேறாது. ஆனா நீங்க வராத நாள்ல கட்டி திரும்ப வளருது"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. "இத மொதல்லயே யாராவது சொல்லிருந்தா நடவுக்கு வந்திருக்க மாட்டேனே சார்"னாங்க.

15/
தப்பு எங்க மேலயும்தான். 25ங்கிற நம்பரைச் சொல்றோம், ஏன்னு சொல்றதில்ல. வயித்துப்போக்குக்கு மாத்திரையும் ஓஆர்எஸ்ஸும் கொடுத்து, கதிரியக்கத் துறைக்குப் போன் போட்டேன். மறுநாளே அனுப்பச் சொன்னாங்க. விட்ட நாளை, சனிக்கிழமை கூடுதலா வெச்சோ, ஒரே நாள்ல 6 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை வெச்சோ ஓரளவு ஈடுகட்டுவாங்க. அந்தக் கணக்கை அவங்கதான் போடணும்.

25 முடிஞ்சு, இப்போ உள்ளே வைக்கிற கதிர் சிகிச்சை நடக்குது. ரெகோ காலத்துல ரேடியம் வெச்ச அதே இடத்துல இன்னிக்கு இரிடியம்.

16/
உங்க வீட்ல, தெருவுல யாருக்காவது 'கரண்ட்' ஓடிட்டு இருந்தா:

வயித்துப்போக்கு, வாய்ப்புண், தோல் எரிச்சல் வரலாம். அதுக்கு மருந்து இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

காதுகுத்து, திருவிழா, நடவு எதுவா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்க.

ஏற்கெனவே விட்டிருந்தா திட்டுவாங்கன்னு பயந்து ஒளியாதீங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ல போங்க.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, ரயில்ல புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கு. வார்டுல கேளுங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. ட்யூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன். 🙏