ஆயுதபூசையும் கைவேலைக் கல்வியும்

நவராத்திரி விழாவின் ஒன்பதாம் நாளன்று கலைமகள் திருவுருவின் முன் பாடநூல்களும் எழுதுகோல்களும் வைக்கப்படுகின்றன. அதே நாளில் உளி, சுத்தியல், அரிவாள், பால்மரம் வெட்டும் கத்தி ஆகியனவும் தூய்மை செய்யப்பெற்று, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று வணங்கப்படுகின்றன. ஏட்டுக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை என்பதை இவ்வழிபாடு உணர்த்துகின்றது. இவ்வுண்மையைப் பள்ளிக்கூடத்திற்குள் கொண்டு சென்ற வரலாறு ஒன்று வட ஐரோப்பாவில் உண்டு. ‘ஸ்லாய்டு’ எனப்படும் கைவேலைக் கல்வியின் வரலாறே அது.

சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் குளிர்காலம் நீண்டது. பனி மூடிய மாதங்களில் உழவர் குடும்பத்தினர் கரண்டி, கருவிகளின் பிடி, கூடை முதலியவற்றை வீட்டிலேயே செய்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் பொருள்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், தந்தையிடம் மகன் கற்று வந்த அக்கைத்திறன் நலிவுற்றது.

இந்நிலையில் பின்லாந்தில் உனோ சிக்னேயஸ் (1810–1888) என்னும் கல்வியாளர், கைவேலை பொதுக் கல்வியின் ஓர் உறுப்பாக வேண்டும் என வலியுறுத்தினார். அவர் முயற்சியால் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கு அது கட்டாயப் பாடமாயிற்று.

சுவீடனில் ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்னும் வணிகர், கோத்தன்பர்க் நகருக்கு அருகிலுள்ள நேஸ் என்னும் பண்ணையை 1868இல் வாங்கினார். அவருடைய உறவினரான ஓட்டோ சாலமன் (1849–1907), அங்கே 1872இல் தொடங்கப்பட்ட கைவேலைப் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். பின்னர் அங்கு ஆசிரியர் பயிற்சி நிலையமும் உருவாயிற்று. 1877இல் சிக்னேயஸைச் சந்தித்த பிறகு, தச்சர்களை உருவாக்குவதைவிட நல்ல மனிதர்களை உருவாக்குவதே இக்கல்வியின் நோக்கம் என்னும் கருத்தில் சாலமன் உறுதி கொண்டார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் நேஸ் சென்று பயின்றனர்.

சாலமன் முறையில் மாணவன் கையில் முதலில் கொடுக்கப்பட்ட கருவி, மரப்பிடியில் அசையாமல் பொருத்தப்பட்ட அலகுடைய, மடக்க இயலாத கத்தியாகும். நாட்டுப்புறக் குழந்தை வீட்டில் ஏற்கெனவே கண்டு பழகிய கருவி அது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கத்தியால் செய்யப்பட்ட முதற்பொருள்களும் எளிய கோல்களே: சுட்டிக்காட்டப் பயன்படும் சிறு கோல், பூச்செடிக்கு ஊன்றும் உருண்டைக் கோல் போன்றவை.

உருண்டைக் கோல் செய்யும் மாணவன், முதலில் மரத்துண்டை நாற்புறமும் சமமாகச் சீவுவான். பின்பு நான்கு விளிம்புகளையும் சீவி எட்டுப் பட்டையாக்குவான். அதன்பின்னரே அது உருண்டை வடிவம் பெறும். மரத்தின் இழை ஓடும் போக்கை அறியாது கத்தியைச் செலுத்தினால் சிலாம்பு பெயரும். அளவுக்கு மீறிச் சீவிய பகுதியை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. பொறுமை, கவனம், நேர்மை ஆகியவற்றை அக்கோலே கற்பித்தது. ஆசிரியர் வழிகாட்டலாம், மாணவனின் வேலையில் தம் கையை வைத்தல் ஆகாது என்பது சாலமன் வகுத்த விதி.

இந்தியாவிலும் 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. மாணவர் செய்யும் பொருள்களின் வருவாய் பள்ளிச் செலவிற்கு உதவவேண்டும் என்பது காந்தியடிகளின் எதிர்பார்ப்பு. சாலமனோ வருவாயைக் கருதவில்லை. ஆயினும் கை கற்பதை அறிவும் கற்கிறது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் கத்தியால் கல்வி கற்றவர்களே. பால்மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் காயம்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது. விடியற்காலை இருளில் அத்துணை நுட்பமாக வேலை செய்த பெற்றோர், தம் பிள்ளைகள் கத்தியை விடுத்து எழுதுகோல் பிடிக்கவேண்டும் என விரும்பினர். அவ்விருப்பம் நியாயமானது, அதன் பயனாகவே பலர் உயர்நிலை அடைந்தனர். எனினும் வறுமையை வெறுத்ததோடு கைவேலையையும் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை வேரூன்றியது வருந்தத்தக்கது. பிள்ளைகளின் எழுதுகோல்கள் அக்கத்தி ஈட்டிய கூலியில் வாங்கப்பட்டவை அல்லவா?

சுவீடனிலும் பின்லாந்திலும் கைவேலை இன்றும் கட்டாயப் பாடமாக விளங்குகின்றது. ஆயுதபூசை நாளில் பிள்ளைகளே கருவிகளைத் துடைத்து, பாடநூல்களோடு ஒரே பீடத்தில் வைத்து வணங்குமாறு பெற்றோர் பழக்குதல் நலம். பாட்டனும் பாட்டியும் பயன்படுத்திய கத்தி இல்லத்தில் இருக்குமாயின், அதன் வரலாற்றையும் அவ்வேளையில் எடுத்துரைத்தல் வேண்டும். அறிவும் கைத்திறனும் ஒருங்கே சிறக்கக் கலைமகள் அருள்புரிவாளாக!