கல்லறை இல்லாதவர்க்கும் ஒரு திருநாள்



சிம்பாங் பூலாயைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆயினும் அத்தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றால் பெரும்பாலும் திரும்பி வராதவர் என்றே பொருள்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. அதில் உழைத்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். அவர்களுள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் சேர்ந்து தொழிலாளரில் 90,000 பேர் வரை மாய்த்தன என மதிப்பிடுவர். மதிப்பிடத்தான் முடியும்; எண்ணி வைத்தவர் யார்? போர்க்கைதிகளுள் மாண்டவர் சுமார் 12,000 பேர். அவர்களுள் 6,900க்கு மேற்பட்டோர் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில், வரிசை வரிசையாய்ப் பெயர் பொறித்த கற்களின்கீழ் உறங்குகின்றனர். நம்மவர்க்குக் காடே இடுகாடு.

தோட்டத்து லயத்தில் காத்திருந்த மனைவி எந்த நாளில் அழுவாள்? உடல் வராமல் ஒப்பாரி வைத்தால் உயிரோடிருப்பவனைக் கொன்றது போலாகுமே! இத்துயரம் சமயம் பார்த்து வரவில்லை. கிறித்தவக் குடும்பங்கள் அதை எவ்வாறு தாங்கியிருக்கக்கூடும் என்பதையே இங்கு எண்ணிப் பார்க்கிறேன்.

அழுவது விசுவாசக் குறைவு என்று சிலர் போதிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலாசருவை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துக்கத்தை விலக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே விலக்கினார். வீரமாமுனிவர் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ என மரியாளின் அழுகைக்கென்றே ஒரு நூல் செய்தார். அந்த அன்னைக்காவது மகனின் உடல் மடியில் கிடைத்தது என்பது கிறித்தவ மரபு. நம் தோட்டத்துத் தாய்மார்க்கு அதுவும் இல்லை.

இங்கேதான் நவம்பர் 2ஆம் நாள் பொருள்படுகிறது. குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 998ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் தொடங்கிய நினைவு நாள் அது. நாம் கல்லறைத் திருநாள் என்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையோ ‘இறந்த விசுவாசிகள் அனைவர்’ நினைவு என்கிறது. அந்த ‘அனைவர்’ என்னும் சொல்லில் கல்லறை இல்லாதவரும் அடங்குவர். மெழுகுவத்தி ஏற்ற மேடை இல்லாவிடினும், பெயரை எழுதிக் கொடுத்துத் திருப்பலியில் நினைவுகூரலாம். எலும்பு கிடக்கும் இடம் இறைவனுக்குத் தெரியும் என்பதே அவர்களின் நம்பிக்கை. (சீர்திருத்தச் சபையார் மரித்தோர்க்காக வேண்டுவதில்லை, நன்றியோடு நினைவுகூர்வர்.)

காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் எழும்ப 2023ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் எவரேனும் இருந்தால், அவர் பெயரையும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரையும் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் செய்யுங்கள். பெயர் தெரிந்த முதியோர் இன்று வெகு சிலரே.